பழைய வால்பேப்பர்ல சாண்ட்பேப்பர் போட சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பழைய வீடுகளை புதுப்பிக்கிறது பத்தி வந்த கட்டுரையை படிச்சேன், நல்லாத்தான் போய்ட்டிருந்துச்சு, வால்பேப்பர் பகுதிக்கு வந்ததும் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. சோப்புத்தண்ணில துடைங்க, கறை போகலைன்னா சாண்ட்பேப்பர் போடுங்க, அதுக்கும் சரிப்படலைன்னா ஸ்டீம் அடிச்சு உரிச்சுட்டு புதுசு ஒட்டிடுங்கன்னு எழுதியிருக்கீங்க. பழைய காகிதங்களை செப்பனிடற வேலைல இருக்கறவன்ங்கிற முறைல சொல்றேன், நூறு வருஷம் தாண்டின வால்பேப்பருக்கு இந்த மூணுமே எமன்.

வினைல் பேப்பரை துடைக்கலாம், தப்பில்ல. பழசு அப்படி இல்லீங்க. அதுல இருக்கற கலர் பெரும்பாலும் வஜ்ரப்பசைல குழைச்ச டிஸ்டெம்பர், தண்ணி பட்டா கரைஞ்சு துணியோட வந்துடும். சந்தேகம்னா அலமாரியை நகர்த்தி அதுக்கு பின்னாடி ஒரு மூலைல, நனைச்சு நல்லா பிழிஞ்ச பஞ்சை லேசா ஒத்தி எடுத்து பாருங்க, பஞ்சுல துளி கலர் தெரிஞ்சாலும் அதோட கையை எடுத்துடுங்க. அலமாரியை நகர்த்தினா இன்னொரு லாபமும் உண்டு, வெளிச்சமே படாத அந்த இடத்துலதான் ஒரிஜினல் கலர் இருக்கும், ரூம் பூரா வைக்கோல் நிறத்துல வெளுத்து கிடக்க அங்க மட்டும் பளிச்சுனு நீலம் தெரியும், டிசைன்ல இருக்கற கொடியோட நரம்புகூட அழியாம இருக்கும். புதுசா பிரிண்ட் போடறதுன்னா அந்த துண்டைத்தான் மாதிரியா வச்சுக்கணும்.

ரொம்ப பழசுதான் ரொம்ப நோஞ்சான்னு நினைச்சுடாதீங்க. 18ம் நூற்றாண்டு பேப்பரெல்லாம் கந்தல் துணில செஞ்சது, தனித்தனி தாளா ஒட்டி நீளமாக்கியிருப்பாங்க, சாய்வா டார்ச் அடிச்சா குறுக்கால ஜாயிண்ட் தெரியும், கெட்டியான சரக்கு. 19ம் நூற்றாண்டு பின்பாதில மலிவா வந்த மரக்கூழ் பேப்பர்தான் உள்ள இருக்கற அமிலத்தாலேயே பழுப்பாகி தொட்டா உதிரும். பிரிட்டன்ல 1712லேர்ந்து 1836 வரைக்கும் வால்பேப்பருக்கு வரி இருந்துச்சு, பின்பக்கம் வரி முத்திரை குத்துவாங்க, வயசு சொல்ற அத்தாட்சி அது. நீங்க சொன்னபடி ஸ்டீம் அடிச்சு சுரண்டினா முதல்ல கூழாகறது அந்த பின்பக்கம்தான்!

பேப்பர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி சுவரை பாக்கணும், கட்டுரைல இது ஒரு வரி கூட இல்ல. ஓடு ஒழுகுதா, பைப் கசியுதா, காரை உப்பியிருக்கா, இதை சரி பண்ணி சுவரை காயவிடாம மேல என்ன பண்ணாலும் பூஞ்சை திரும்ப வரும்.

அப்புறம் சுத்தம் பண்றது. மெத்துனு பிரஷ், அதுக்கு மேல காஞ்ச ரப்பர் ஸ்பாஞ்ச், அவ்வளவுதான். முன்னாடி கரிப்புகை படிஞ்ச சுவர்ல மாவு உருண்டையை உருட்டுவாங்க, பசங்க விளையாடற பிளே-டோ கூட அமெரிக்கால வால்பேப்பர் துடைக்கற மாவா இருந்ததுதான், 1956ல பொம்மைக்கடைக்கு போயிடுச்சு. ஆனா மாவு மிச்சம் ஒட்டினா பூச்சி அரிக்கும், அதனால இப்ப வேணாம். கிழிசலுக்கு மெல்லிசு ஜப்பான் காகிதமும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும், பிற்பாடு ஈரம் காட்டினா கழண்டு வரும், அடுத்து ரிப்பேர் பண்றவனுக்கு வழி இருக்கும். வெள்ளை கோந்தும் செல்லோடேப்பும் பக்கத்துலயே வரக்கூடாது. கலர் போன இடத்துல ஒட்டுத்தாள் மேல மட்டும் தீட்டணும், பழைய கலர் மேல பிரஷ் ஏறவே கூடாது.

உரிக்கறதே பாவம்னு சொல்லலை. பிரான்ஸ்ல ஸூபர் கம்பெனி 1834ல மரக்கட்டை அச்சுல அடிச்ச அமெரிக்க காட்சிகள் வால்பேப்பரை, மேரிலண்ட்ல இடிக்கப்போற வீட்டுலேர்ந்து பத்திரமா பெயர்த்து 1961ல வெள்ளை மாளிகைல ஒட்டினாங்க, இன்னும் இருக்கு. ஆனா அது பழகின கை பண்ற வேலை, வாடகை ஸ்டீமர் வச்சு ஞாயித்துக்கிழமை பண்றது இல்ல.

கடைசியா, நான் இந்த லெட்டரை எழுதறதுக்கே காரணம் அந்த சாண்ட்பேப்பர்தான். 19ம் நூற்றாண்டு வால்பேப்பர்ல பச்சை கலர் நிறைய ஆர்சனிக்ங்கிற விஷம் கலந்தது, ஷீலே பச்சை, 1814ல வந்த எமரால்டு பச்சை ரெண்டுமே அந்த ரகம், வேற கலர்லயும் கலந்திருக்கலாம். அடியில ஈயம் கலந்த பெயிண்ட் இருந்தா அது வேற. தேய்ச்சா அந்த தூசி நேரா மூக்குக்குள்ள போகும். எக்ஸ்ரே கருவி வச்சு சுவரை சுரண்டாமலே டெஸ்ட் பண்ணிடலாம், அது வரைக்கும் தேய்க்க வேணாம்னு வர்ற ஞாயிறு இணைப்புலயே, அதே பக்கத்துல, கண்ணுல படற சைஸ்ல ஒரு திருத்தம் போட்டுடுங்க. கட்டுரையை படிச்சுட்டு யாராவது ஏற்கனவே ஆரம்பிச்சிருப்பாங்க.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகன்