நாற்காலியோடு வீட்டையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நெதர்லாந்தின் மரச்சாமான் வடிவமைப்பாளர் கெரிட் ரீட்வெல்ட் செய்த சிவப்பு-நீல நாற்காலியைப் பற்றி வந்த கட்டுரை, அதன் ஏலவிலையை அச்சிட்டு, அதை உட்காருவதற்கு உதவாத ஓர் ஓவியம் என்று சொல்லி முடித்திருந்தது. தச்சுப் பட்டறையில் வளர்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

ரீட்வெல்ட் தச்சரின் மகன். உத்ரெக்ட் நகரில் தந்தையின் பட்டறையிலேயே தொழில் கற்றவர். 1918 வாக்கில் அந்த நாற்காலியை முதலில் செய்தபோது அதில் வண்ணமே இல்லை. சிவப்பும் நீலமும் சில ஆண்டுகள் கழித்தே ஏறின. ஒரு மரச்சட்டத்தில் துளையிட்டு மற்றொன்றின் முனையைச் செருகுவதற்குப் பதிலாக, மூன்று சட்டங்களை மூன்று திசைகளில் பக்கவாட்டாக ஒட்டி நிறுத்தி, வெளியே தெரியாதபடி உள்ளே மரமுளை கொடுத்து இணைத்திருக்கிறார். சட்டங்கள் இணைப்பைத் தாண்டியும் நீள்கின்றன. அறுத்த முனைகளை மறைக்காமல் மஞ்சள் பூசிக் காட்டுகிறார். (என் தந்தை பார்த்திருந்தால், பொருத்து எங்கே என்று முதலில் சட்டத்தைத் தடவிப் பார்த்திருப்பார்.)

கட்டுரை அடியோடு விட்டுவிட்டது வீட்டை. கணவரை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருந்த த்ரூஸ் ஷ்ரோடர் என்ற பெண்மணிக்காக ரீட்வெல்ட் 1924இல் உத்ரெக்டில் கட்டிய வீட்டின் மாடியில், பகலில் தடுப்புகளைத் தள்ளிவிட்டால் ஒரே கூடம், இரவில் இழுத்து மூடினால் தனித்தனி அறைகள். பிள்ளைகளின் படுக்கையே பகலில் இருக்கையாகும். எப்படி வாழ வேண்டும் என்று அந்த அம்மையார் சொல்லச் சொல்ல உருவான வீடு அது. 1985இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். யுனெஸ்கோ 2000இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே மேசை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

நாற்காலியோடு வீட்டையும் காட்ட வேண்டும் என்று வலியுறுத்தக் காரணம் உண்டு. தக்கலையில் எங்கள் பூர்வீக வீட்டின் பத்தாயத்தை, அதாவது நெல் சேமிக்கும் பெரிய மரப்பெட்டியை, தாத்தா அறைக்குள்ளேயே ஆஞ்சிலிப் பலகைகளால் கட்டினார். நெல் உள்ளே, அதன் மூடிமேல் பாட்டியின் படுக்கை. வாசல் வழியாக அது வெளியேறாது. பங்கு பிரித்தபோது வாங்கிய வியாபாரி அதை ரம்பத்தால் நான்காக அறுத்தே கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டிக் கொண்டுபோனார். பின்னர் ஒரு விடுதி வரவேற்பறையில் அதன் ஒரு பக்கத்தை மட்டும் சுவரில் மாட்டியிருக்கக் கண்டேன். பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனையில், டச்சு வணிகர்கள் தந்ததாக வழிகாட்டிகள் சொல்லும் மூலிகைக் கட்டில் மன்னரின் படுக்கையறையிலேயே கிடப்பதால்தான் நமக்கு அது புரிகிறது.

ஆகவே இனி இத்தகைய மரச்சாமான்களைப் பற்றி எழுதும்போது, ஏலவிலைக்குப் பதிலாக அது நின்ற அறையின் வரைபடத்தை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.