எதைக் கட்டுகிறீர்கள் என்பதோடு எதை எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்

தீம் பார்க்குகளை நடத்துகிறவர்களுக்கும், அவற்றுக்கான முதலீட்டை முடிவு செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் ஒரு புதிய ரைடை அறிவிக்கும் நாளில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் கொதிப்பு. இத்தனை கோடி போட்டுப் புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறோம், அதற்கும் திட்டு வாங்க வேண்டுமா என்று உங்களுக்கு அலுப்பு வருவது புரிகிறது. பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் என்று எங்களை ஒதுக்கிவிடுவதும் எளிது. ஆனால் அந்தக் கொதிப்புக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கத்தான் இந்த மடல்.

உங்கள் அறிவிப்பில் கூட்டல் மட்டும்தான் வருகிறது: உயரம், வேகம், தடத்தின் நீளம், முதலீட்டுத் தொகை. அதைப் படித்த ரசிகர் உடனே பூங்காவின் வரைபடத்தை எடுத்துப் பார்க்கிறார். இது எந்த இடத்தில் வருகிறது? அங்கே இப்போது என்ன இருக்கிறது? அது என்ன ஆகப்போகிறது? கழித்தலையும் போட்டுப் பார்த்த பிறகுதான் மகிழ்வதா வருந்துவதா என்று அவர் முடிவு செய்கிறார்.

ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் நடந்ததைப் பாருங்கள். 1971-இல் பூங்கா திறந்த காலத்திலிருந்தே அங்கே ஓர் ஆறு இருந்தது. அதில் நீராவிப் படகு ஒன்று சுற்றிவரும். நடுவில் டாம் சாயர் தீவு. 2025 ஜூலை 6 அன்று மூன்றையும் நிரந்தரமாக மூடினார்கள். அந்த இடத்தில் 'கார்ஸ்' படத்தை ஒட்டிய புதிய பகுதி வரப்போகிறது. புதிய பகுதி நன்றாகவே அமையலாம். ஆனால் அந்த ஆறு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். படகு ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக்கொள்ளும், பெரும்பாலும் நீண்ட வரிசை இருக்காது. தீவில் குழந்தைகள் இஷ்டத்துக்கு ஓடலாம். கரையோரம் நிழலில் சும்மா உட்காரலாம். காலையிலிருந்து வரிசை வரிசையாக நின்று களைத்த குடும்பத்துக்கு அதுதான் மூச்சு விடும் இடம். முதலீட்டு அறிக்கையில் இப்படிப்பட்ட இடத்துக்குப் பெரிய மதிப்பு இருக்காது, ஏனென்றால் அதற்காகவே யாரும் டிக்கெட் எடுத்து வருவதில்லை. அது இல்லாத பூங்காவில் மதியத்துக்குப் பிறகு நிற்கவே முடியாது என்பது வந்து போகிறவர்களுக்குத் தெரியும்.

கழித்தலைச் சரியாகப் போடாததால் நேர்ந்த கதை ஒன்று கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் இன்னும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. 1967-இல் அங்கே பீப்பிள்மூவர் வந்தது. டுமாரோலேண்ட் என்ற பகுதியின் தலைக்கு மேலே மெதுவாக ஊர்ந்து, மற்ற ரைடுகளின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வரும் வண்டி அது. 1995-இல் அதை நிறுத்தினார்கள். 1998-இல் அதே தடத்தில் ராக்கெட் ராட்ஸ் என்ற வேகமான ரைடை விட்டார்கள். மெதுவாகப் போகும் வண்டிக்கென்று கட்டிய தடம் அது, வளைவுகளில் சாய்வு கிடையாது. சாய்வு கொடுத்துத் திருப்பிக் கட்ட பணம் ஒதுக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, பிறகு கூட்ட வேண்டியிருந்தது. டயர்கள் தேய்ந்தன, வண்டி அடிக்கடி நின்றது. 2000-இல் அதுவும் மூடப்பட்டது. பழையதும் போய், புதியதும் போய், கால் நூற்றாண்டாக அந்தத் தடம் வெறுமையாக நிற்கிறது. ஒரு புதிய அறிவிப்பைக் கேட்டதும் ரசிகர் முதலில் சந்தேகப்படுகிறார் என்றால், அவர் இதுபோன்றவற்றைப் பார்த்தவர் என்பதுதான் காரணம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இது பலருக்கு இன்றும் வலிக்கிறது. நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சரில் 2005-இல் திறந்த கிங்டா கா, 139 மீட்டர் உயரம். உலகிலேயே மிக உயரமான ரோலர் கோஸ்டர் என்ற பெயரோடுதான் கடைசிவரை ஓடியது. மூன்றரை நொடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அதன் ஹைட்ராலிக் ஏவு இயந்திரம் அடிக்கடி பழுதாகும் என்பது எல்லா ரசிகருக்கும் தெரியும். என்றாவது ஒருநாள் நிற்கும் என்பதையும் எதிர்பார்த்தே இருந்தார்கள். 2024 நவம்பர் 10 அன்றும் வழக்கம்போல் ஓடியது. அடுத்த சில நாட்களில், இனி அது ஓடாது என்ற அறிவிப்பு வந்தது. கடைசியாக ஒருமுறை ஏறிவிட்டு வர யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துச் சாய்த்தார்கள். அதைப் பார்க்கச் சென்றவர்களுக்கு ஒரு தூரத்துக் காட்சிதான் மிச்சம்.

இதில் எனக்குக் கோபம் வருவது மூடியதற்காக அல்ல. இயந்திரத்துக்கும் ஆயுள் உண்டு. முன்கூட்டிச் சொல்லாமல் விட்டதற்காக. அதன் இடத்தில் வரப்போவது எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், அதன் அறிவிப்போடு இந்தக் கசப்பும் சேர்ந்தேதான் படிக்கப்படும். வணிகமாகப் பார்த்தாலும் இது நட்டம். ஸ்ப்ளாஷ் மவுண்டன் என்ற தண்ணீர் ரைடை வேறு கதைக்கு மாற்றுவதற்காக மூடப்போகும் தேதியை முன்னதாகவே சொன்னதால், 2023 ஜனவரியில் மேஜிக் கிங்டமில் அதன் கடைசி நாட்களில் மணிக்கணக்கில் வரிசை நின்றது. ரைடின் தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் போனவர்கள்கூட உண்டு. அந்த மாற்றத்தை எதிர்த்தவர்களும் வரவேற்றவர்களும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். விடைகொடுக்க வாய்ப்பிருந்தால் மனிதர்கள் வருகிறார்கள்.

நாங்கள் மாற்றத்துக்கே எதிரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். டெக்சஸில் 1990-இல் மரத்தில் கட்டிய டெக்சஸ் ஜயன்ட், காலப்போக்கில் உடம்பை உலுக்கி எடுக்கும் கோஸ்டராக மாறிவிட்டது. ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற நிறுவனம் அந்தச் சட்டகத்தின் மேல் எஃகுத் தடத்தைப் பொருத்தி, 2011-இல் அதைப் புதிய பிறவியாக்கியது. ஒஹாயோவின் சிடார் பாயின்டில் 1991-இல் வந்த மீன் ஸ்ட்ரீக்கும் அப்படித்தான். பலரும் மறுமுறை ஏறத் தயங்கிய அந்தக் கோஸ்டர், 2018-இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆனபோது உலகெங்கிலுமிருந்து ரசிகர்கள் அதற்காகவே பயணம் போனார்கள். மீன் ஸ்ட்ரீக் போய்விட்டதே என்று கண்ணீர் விட்டவர்கள் அதிகம் இல்லை. பழையதில் எது நன்றாக இருந்தது, எது கெட்டுப்போனது என்று பிரித்துப் பார்த்து வேலை செய்தால், நாங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறோம்.

ஐரோப்பாவில் இரண்டு பூங்காக்கள் இதை நன்றாகச் செய்திருக்கின்றன. நெதர்லாந்தின் எஃப்டெலிங்கில் 1978 முதல் இருந்த ஸ்போக்ஸ்லாட் என்ற பேய் மாளிகையை 2022-இல் மூடினார்கள். போவதை முன்னரே சொன்னார்கள், விடைகொடுக்க நேரம் தந்தார்கள். 2024 அக்டோபர் 31 அன்று அங்கே திறந்த புதிய ரைடின் பெயர் டான்ஸ் மகாப்ர. பழைய மாளிகையில் பல்லாண்டுகளாக ஒலித்த பிரெஞ்சு இசையமைப்பாளர் சாங்-சான்ஸின் அதே இசைதான் புதியதற்குப் பெயராகவும் உயிராகவும் ஆனது. ஜெர்மனியின் யூரோபா பார்க்கில் 2018 மே மாதம் பெரிய தீ விபத்து. 1987-இலிருந்து ஓடிய பட்டாவியக் கடற்கொள்ளையர் படகு ரைடு முழுவதும் எரிந்துபோனது. காலியான அந்த இடத்தில் வேறு எதை வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம். ஆனால் அந்தப் பூங்காவை நடத்தும் மேக் குடும்பத்தினர் அதே ரைடை, புதிய கதையும் நுட்பமும் சேர்த்து, 2020-இல் மீண்டும் திறந்தார்கள். அந்த ரைடில் சிறுவயதில் போனவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை!

பணம் போதாமல் கட்டியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001 பிப்ரவரியில் டிஸ்னி கலிபோர்னியா அட்வென்ச்சர் சுமார் 60 கோடி டாலரில் திறந்தது. ஆறே ஆண்டில், அதைத் திருத்த 110 கோடி டாலர் என்று அறிவிக்க வேண்டிவந்தது. 2012-இல் கார்ஸ் லேண்ட் திறந்த பிறகுதான் அது முழுப் பூங்காவாக நிமிர்ந்தது. பாரிஸில் 2002-இல் விரல்விட்டு எண்ணும் ரைடுகளோடு திறந்த டிஸ்னியின் இரண்டாவது பூங்காவுக்கும் 2018-இல் 200 கோடி யூரோ ஒதுக்க வேண்டியதாயிற்று. அதே 2001-இல் டோக்கியோவில் டிஸ்னிசீ திறந்தது. அதை நடத்தும் ஓரியன்டல் லேண்ட் நிறுவனம் தொடக்கத்திலேயே கைநிறையச் செலவிட்டது. இன்றும் உலகின் மிகச் சிறந்த தீம் பார்க் எது என்று ரசிகர்களைக் கேட்டால் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். 2024 ஜூனில் ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ் என்ற புதிய துறைமுகத்தை (அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் துறைமுகம் என்றுதான் பெயர்) 32,000 கோடி யென் செலவில் அங்கே சேர்த்தபோதும், பழைய துறைமுகம் எதையும் இடிக்கவில்லை. பக்கத்து நிலத்தில் விரித்துக் கட்டினார்கள். அந்த அறிவிப்புக்குக் கொதித்தவர்களை நான் காணவில்லை.

இனி பராமரிப்பு. இதில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

டிஸ்னியின் அனிமல் கிங்டமில் 2006-இல் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற கோஸ்டர் திறந்தது. மலைக்குள் ஒளிந்திருக்கும் பிரமாண்டமான யெட்டி என்ற பனிமனித உருவம் நம் தலைக்கு மேலே பாய்ந்து கை நீட்டும். இயங்கும் உருவங்களில் அதுவரை இல்லாத அளவு சக்தி வாய்ந்தது. திறந்த சில ஆண்டுகளுக்குள் அது நின்றுபோனது. அன்றிலிருந்து அதன் மேல் மின்னல் விளக்கை அடித்து, அசைவது போல் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரசிகர்கள் அதற்கு டிஸ்கோ யெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் சிரிப்பாக இருந்தாலும், அதன் பின்னால் உள்ள ஏக்கம் உண்மையானது. அந்த யெட்டி பாய்வதைப் பார்க்காமலேயே ஒரு தலைமுறைக் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். 2023 செப்டம்பரில் அதே நிறுவனம், பூங்காக்களிலும் கப்பல்களிலும் பத்து ஆண்டுகளில் சுமார் 6,000 கோடி டாலர் முதலீடு செய்யப்போவதாகச் சொன்னது. தொகையைக் கேட்டதும் பல ரசிகர்கள் எழுப்பிய கேள்வி, புதிய பகுதிகளில் எது வரும் என்பதல்ல. யெட்டி சரியாகுமா என்பதுதான்.

இது ஒரு பூங்காவின் கதை மட்டும் இல்லை. மகன் கல்யாணத்துக்கு ஊர் மெச்சப் பந்தல் போட்டுவிட்டு, பிறகு வீட்டுக் கூரையின் ஒழுகலைக் கவனிக்காத குடும்பம் போல, திறப்பு விழாவுக்கு வாரி இறைத்துவிட்டு அடுத்த ஆண்டிலிருந்து கையை மூடிக்கொள்ளும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. எரியாத விளக்கு, அசையாத பொம்மை, மங்கிய வண்ணம், ஒலிக்காத இசை. ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஆனால் கட்டியவர் மனதில் இருந்த கதை அந்தச் சின்ன விஷயங்களின் வழியாகத்தான் எங்களை வந்து சேர்கிறது.

ஒரு மணி நேரத்தில் ரைடு எத்தனை பேரை ஏற்றும் என்பதும் இதோடு சேர்ந்தது. யூனிவர்சலின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சரில் ஹாக்ரிட் மோட்டார்சைக்கிள் கோஸ்டர் 2019 ஜூன் 13 அன்று திறந்தபோது, வரிசை பத்து மணி நேரம் வரை போனது. அருமையான கோஸ்டர் அது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு முன் அதே இடத்தில் இரண்டு தனித்தனித் தடங்களில் ஆட்களை ஏற்றிய கோஸ்டர் இருந்தது. கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1967-இல் கட்டிய கடற்கொள்ளையர் படகு ரைடு இன்றும் மணிக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் அலுங்காமல் ஏற்றி இறக்குகிறது. புதிய நுட்பம் அதில் பாதியைத்தான் ஏற்றும் என்றால், அதையும் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். எத்தனை நேரம் ஒதுக்கி வர வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

எங்கள் பக்கத்திலும் சரியில்லாதது உண்டு. ஒரு ரைடு பிடிக்கவில்லை என்றால், அதை வடிவமைத்தவரைப் பெயர் சொல்லி வசைபாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்களுக்காகப் பேசவில்லை. அவர்களைக் காட்டி மற்ற அனைவரின் குரலையும் தள்ளிவிடாதீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை மேடை ஏறும்போது, புதியதன் படத்தைக் காட்டிய கையோடு எது போகிறது என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நாங்களாக வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள். போவதன் கடைசி நாளை ஒரு சீசன் முன்னதாகவே அறிவியுங்கள். மணிக்கு எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணை உயரத்துக்கும் வேகத்துக்கும் பக்கத்தில் போடுங்கள். திறந்த பிறகு வரும் பத்து ஆண்டுகளில் பராமரிப்புக்கு என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதைக் கட்டுமானச் செலவோடு சேர்த்தே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பூங்காக்களை நேசிக்கும் ஒரு ரசிகர்