சர்பத் பாட்டில் அலமாரிக்கு முட்டு

உசிலம்பட்டி

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாம் தட்டு நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. பாட்டிலை எல்லாம் இன்றைக்கே தரையில் இறக்கிவிடு தாயி. தட்டைத் திருப்பிப் போட்டால் நிமிர்ந்துவிடும் என்று மாப்பிள்ளை சொன்னாராமே. நிமிரும்தான். கொஞ்ச நாளில் அந்தப் பக்கமும் தொங்கிவிடும்.

முதலில் கனத்தைக் கணக்குப் போடு. நன்னாரிப் பாகு தண்ணீரைவிடக் கனம். 700 மி.லி. பாட்டிலில் பாகு மட்டும் 900 கிராம் வரும், கண்ணாடி 450. ஆக ஒன்று 1.35 கிலோ. உன் தராசில் ஒன்றை நிறுத்துப் பார்த்துக்கொள். 80 செ.மீ. நீளம், 28 செ.மீ. ஆழமுள்ள தட்டில் வரிசைக்கு 9, மூன்று வரிசைக்கு 27 பாட்டில் நிற்கும். 36 கிலோவுக்கு மேல் போய்விடும். பெட்டிக்குள் வந்த தாளில் ஒரு தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும், தேடி எடு. துணிமணி, புத்தகம் வைப்பதை நினைத்துச் செய்த பலகை அது.

மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகைக்கு நரம்பு கிடையாது. 16 மி.மீ. கனத்தில், 80 செ.மீ. நீளத்துக்கு நடுவில் தாங்கல் இல்லாமல் 36 கிலோ ஏற்றினால் முதல் நாளே ஏறக்குறைய 1 செ.மீ. தொங்கும். ஆசாரி கணக்கில் 3 நூல். அதோடும் நிற்காது. கனம் அப்படியே இருக்க இருக்க மாதாமாதம் இறங்கிக்கொண்டே போகும், ஐப்பசி மழையில் ஈரம் குடித்தால் இன்னும் வேகமாக இறங்கும். இன்னொரு பலகை வாங்கிப் போட்டாலும் இதே கதைதான். அதனால் கனத்தைப் பலகையிடமிருந்து வாங்கி மரச்சட்டத்திடம் கொடுக்க வேண்டும், சட்டத்திடமிருந்து தரைக்குக் கொடுக்க வேண்டும்.

மரக்கடையில் 2 இஞ்ச் அகலம், முக்கால் இஞ்ச் கனத்தில் ரீப்பர் என்கிற மரச்சட்டம், 10 அடி நீளத்தில் இரண்டு கேள். வேங்கையோ நாட்டுத் தேக்கோ போதும், காய்ந்ததாக இருக்கட்டும். ஒற்றைக் கண்ணை மூடி ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை பார்த்து நேராக இருப்பதை எடு. ஒவ்வொன்றிலும் 80 செ.மீ. சட்டம் இரண்டு, 32 செ.மீ. கால் நாலு அறுக்கலாம். மிச்சத் துண்டையும் தூக்கிப் போடாதே, கீழே வேலை இருக்கிறது. வெட்டும் முன் அலமாரியின் உள் அகலத்தை அளந்து, சட்டத்தை அதைவிட 2 மி.மீ. குறைத்துக்கொள்ளச் சொல்.

சட்டத்தை எப்படி வைக்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2 இஞ்ச் பக்கம் மேலும் கீழுமாக, நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். அப்படி நிற்கும் ஒரு சட்டம் மட்டுமே அந்தப் பலகையைப் போலப் பத்து மடங்கு விறைப்பு. அதையே படுக்கவைத்து அடித்தால் அந்த விறைப்பில் ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சும். பலகையோடு ஒட்டிக் கிடந்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று கடைப் பையன் சொல்லுவான், கேட்காதே. சட்டத்தில் கணு இருந்தால் அது மேல் பக்கம் இருக்கட்டும். கீழ் விளிம்புதான் இழுபடும், கணு அங்கே இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

ஒரு தட்டுக்கு இரண்டு சட்டம். ஒன்று முன் விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே, இன்னொன்று பின் விளிம்பிலிருந்து அதே அளவு. பலகையின் மேலிருந்து கீழ்நோக்கி முடுக்கு. கீழிருந்து முடுக்கினால் தூள் பலகைக்குள் போன மரை பிடிக்காது. 8 நம்பர், 40 மி.மீ. ஸ்க்ரூ, சட்டத்துக்கு 5. ஓரத்திலிருந்து 4 செ.மீ. விட்டு முதல் ஸ்க்ரூ, பிறகு 18 செ.மீ.க்கு ஒன்று. பலகையில் 4.5 மி.மீ. துளை, மரத்தில் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு முடுக்கு, இல்லையென்றால் முக்கால் இஞ்ச் மரம் பிளந்துவிடும். மரையில் கொஞ்சம் சோப்பு தடவினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். பெவிகால் வேண்டாம், பலகையின் வழவழப்பு மேல் அது ஒட்டாது.

இப்போது கால். தட்டு இத்தனை நாளும் நாலு சின்ன முளைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த முளைத் துளைகளை ஒரு தடவை விரலால் தடவிப் பார், கீழ்ப்பக்கம் நசுங்கி நீளமாகியிருக்கும். 32 செ.மீ. கால்களை இரு பக்கப் பலகையிலும் ஒட்டி நிறுத்து, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கால் முட்டுக் கொடுக்க வேண்டியது சட்டத்தின் நுனிக்கு. பலகைக்கு மட்டும் கொடுத்தால் சட்டம் அந்தரத்தில் தொங்கும், கனம் மறுபடி பலகை வழியாகத்தான் போகும். காலைப் பக்கத்தில் பிடித்து நிறுத்த 30 மி.மீ. ஸ்க்ரூ இரண்டு போதும். 40 போட்டால் வெளிப்பக்கம் நுனி எட்டிப் பார்க்கும்.

உன் அலமாரியில் அடித்தட்டு, அதற்கு மேல் இரண்டு, இந்த மூன்றில் மட்டும் பாட்டில் வை. மேல் இரண்டு தட்டில் மூடி, லேபிள், காலி அட்டைப்பெட்டி. இதில் மட்டும் மாப்பிள்ளை சொன்னாலும் விட்டுக்கொடுக்காதே. நான் சொன்ன ரீப்பர் கணக்கும் இதற்குத்தான்: நாலு சட்டம், எட்டுக் கால். கீழ்க் காலுக்கு நேர் மேலே மேல் கால் நிற்க வேண்டும். அடித்தட்டுக்கு அடியில் பொந்தாக இருக்கும், அங்கே கால்களுக்கு நேர் கீழே மிச்சத் துண்டுகளை உயரம் பார்த்து வெட்டி நாலு மூலையிலும் வை. நடுத்தட்டு நகராத மாதிரிப் பூட்டியிருந்தால் 32 செ.மீ. சரிவராது, இடைவெளியை அளந்து சட்டத்தின் உயரத்தைக் கழித்துவிட்டு வெட்டு. முன் சட்டத்துக்குக் கீழே பாட்டில் நுழைகிறதா என்று ஒரு பாட்டிலை வைத்துப் பார்த்துவிட்டு அறு.

நேர்க்கனத்துக்கு இது போதும். ஆனால் நிறைந்த அலமாரி பக்கவாட்டில் சாய்ந்தும் விழும். சாயாமல் பிடிப்பது முதுகுப் பலகை. உன்னுடையதில் மெல்லிய அட்டையைச் சின்ன ஆணியால் அடித்திருக்கிறார்கள், அதைக் கழற்றிவிட்டு 6 மி.மீ. பிளைவுட் போடு. மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றாக வந்த பிறகு, 15 செ.மீ.க்கு ஒன்றாக 25 மி.மீ. மெல்லிய ஸ்க்ரூ. துளை போடாமல் முடுக்கினால் பலகையின் ஓரம் வெடிக்கும்.

செல்லூர் வீட்டில் தரையைக் கழுவிவிட வாட்டம் விட்டிருக்கிறார்கள் இல்லையா, அலமாரியும் அந்தப் பக்கம் சாயும். காகிதத்தை மடித்துச் சொருகாதே, நசுங்கிவிடும். மைக்காத் துண்டு வை. கழுவுகிற தண்ணீர் அடியில் ஏறினால் பலகை ஊறி உப்பிவிடும், அதனால் கடப்பாக் கல் துண்டு நாலு போட்டு அதன் மேல் நிறுத்து. அடிக்கட்டைகளுக்கும் கல்லே தாங்கல். சுவரை விட்டு ஒரு விரல்கடை தள்ளி இருந்தால் செல்லு, அதான் கறையான், ஏறுவது கண்ணில் படும்.

உச்சியில் இரண்டு எல் பட்டை, சுவரோடு. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் துளை போடு. பூச்சு தாண்டி செங்கல்லுக்குள் 4 செ.மீ.யாவது போக வேண்டும், 8 மி.மீ. பிட்டும் அதே அளவு பிளாஸ்டிக் பிளக்கும். பிட்டிலிருந்து வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ பொடி வந்தால் இன்னும் பூச்சுதான், சிவப்பாக வந்தால் செங்கல். பட்டை கனம் தாங்குவதற்கு இல்லை, கவிழாமல் பிடிக்கத்தான்.

அடுக்கும்போது கீழிருந்து நிரப்பு, விற்க எடுக்கும்போது மேலிருந்து எடு. குனிய அலுத்துக்கொண்டு அடித்தட்டை முதலில் காலி செய்தால் தலைக்கனம் ஆகிவிடும். ஒயின் பாட்டில் வைப்பவர்கள் கார்க் காயாமல் இருக்கப் படுக்கவைப்பார்கள், உன்னுடையது தகர மூடி, நிற்கட்டும். கசிந்த பாட்டிலை உடனே எடுத்துவிடு, பாகு இறங்கினால் எறும்பும் வரும், பலகையும் ஊறும்.

அடுக்கி முடித்ததும் தட்டின் முன் விளிம்பில் நூலை இழுத்துப் பிடித்து நடுவில் இடைவெளி பார். 1 மி.மீ.க்குள் இருந்தால் சரி. ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் பார். கூடியிருந்தால் ஏதோ ஒரு கால் சட்டத்தைத் தொடவில்லை, அந்த இடுக்கில் மைக்கா சொருகு.

அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் சரக்கு ஏற்ற வேண்டும் என்கிறாய், நாள் இருக்கிறது. டிரில் மிஷினை சனிக்கிழமை காலை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், மாப்பிள்ளையை ஆரப்பாளையத்தில் வாங்கிக்கொள்ளச் சொல். 3, 4.5, 8 பிட் மூன்றும் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். 8 சுவருக்கு மட்டும், மரத்தில் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
அப்பா