முட்டி வலியோடு ஆடுவதை வீரம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் இங்கிலாந்து ஃபுட்பால் வீரர் லெட்லி கிங் பற்றி வந்ததைப் படித்தேன். லண்டனின் டாட்டன்ஹாமைத் தவிர வேறு கிளப்புக்கு ஆடாத மனுஷன். மதுரைப் பேப்பரில் அவருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க அவர் வலியைத் தாங்கிக்கொண்டு ஆடியதையே வீரம் வீரம் என்று எழுதிவிட்டு, அந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஆட முடிந்தது என்பதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த இரண்டு வரிதான் முக்கியம்.

நானும் ஒரே கிளப்காரன்தான். வில்லாபுரம் பக்கம் ஒரு டீமில் பதினோரு வருஷம் ஸ்டாப்பர் பேக், அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவன், கிங் ஆடின அதே இடம். வேறு டீமில் யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு கதை. 2006-ல் எதிர் டீம் செல்சியின் ராபன் கோலை நோக்கித் தனியாக ஓட, கிங் பின்னாலிருந்து துரத்தி வந்து பந்தை மட்டும் அலுங்காமல் எடுத்தாரே, அதை நண்பன் வீட்டு டிவியில் பார்த்துவிட்டு மறுநாள் காலை கிரவுண்டில் அதே மாதிரி செய்யப்போய், பந்துக்குப் பதில் ஒருத்தன் காலை எடுத்து எல்லோரிடமும் திட்டு வாங்கினேன்.

கிங் 1999-ல் முதல் ஆட்டம் ஆடினார், 2012-ல் 31 வயதில் நிறுத்திக்கொண்டார். மொத்தம் 323 ஆட்டம். ஏறக்குறைய அதே காலத்தில் லிவர்பூலைத் தவிர வேறெங்கும் ஆடாத ஜேமி காரகர் 737 ஆட்டம் ஆடியிருக்கிறார், அவரும் பேக்தான். மீதி ஆட்டமெல்லாம் கிங்கின் இடது முட்டியில் போய்விட்டது. அதில் குருத்தெலும்பு தேய்ந்துபோய் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் தோல் கிழிந்தால் ஆறுகிற மாதிரி அது ஆறாது. போனது போனதுதான்.

அப்புறம் எப்படி ஆடினார்? வாரம் முழுக்க டீமோடு பயிற்சியே கிடையாது. நீச்சல் குளம், ஜிம், அவ்வளவுதான். ஒரு மேட்ச் ஆடினால் முட்டி வீங்கும், அது வடிகிறவரை ஓட மாட்டார், அடுத்த மேட்ச் அன்றுதான் மறுபடி பூட்ஸ் போடுவார். கோச் ஹாரி ரெட்நாப் அதற்கு ஒத்துக்கொண்டு டீம் போட்டார். 2009-10 சீசனில் டாட்டன்ஹாம் நாலாவதாக வந்து, ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போனபோது, 38 லீக் ஆட்டத்தில் கிங் ஆடியது ஏறக்குறையப் பாதிதான். உட்காரவைத்த பாதியால்தான் ஆடின பாதி கிடைத்தது. அத்தனை பார்த்துப் பார்த்து ஆடியும் 2010 உலகக் கோப்பையில் அமெரிக்காவோடு ஆடின முதல் ஆட்டத்தில் தொடையிடுக்கில் பிடித்துக்கொண்டு இடைவேளையோடு வெளியே வந்துவிட்டார், இங்கிலாந்துக்கு அதுதான் அவருடைய கடைசி ஆட்டம்.

இப்போது என் கதை. மேலூர்ப் பக்கம் வற்றிப்போன ஒரு கண்மாயில் செவன்ஸ் டோர்னமென்ட் (பக்கத்துக்கு ஏழு பேர்), முதல் பரிசு கிடாய். வெடிப்பில் கால் மாட்டி உடம்பு மட்டும் திரும்பியது, முட்டிக்குள் டொக்கென்று ஒரு சத்தம். அன்று ராத்திரியே சுளுக்கு எடுக்கிற பெரியவரிடம் கூட்டிப்போனார்கள். முட்டையும் உளுந்தும் அரைத்துப் பற்றுப் போட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்து நன்றாக நடந்தேன். ஜவ்வு கிழிந்தால் இதுதான் ஏமாற்று வேலை, நடக்கும்போது, நேராக ஓடும்போது ஒன்றும் தெரியாது, சட்டென்று திரும்பும்போதுதான் முட்டி கழன்றுகொண்டு போகும், போகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கிற குருத்தெலும்பையும் கொஞ்சம் அரைத்துவிட்டுப் போகும். எனக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்? முட்டிக்குப் போடுகிற உறையை (நீ கேப்) மாட்டிக்கொண்டு மேலும் ஒரு வருஷம் ஆடினேன். "முட்டி போயும் ஆடுறான் பாரு" என்று மைக்கில் சொல்வார்கள், கேட்க நன்றாகத்தான் இருந்தது. இப்போது மாடிப்படி ஏறக் கைப்பிடி வேண்டும். டீமில் யாரையும் குறை சொல்லவில்லை, ஆள் குறைந்தது, கூப்பிட்டார்கள், நானும் போனேன்.

நம் ஊர் டோர்னமென்டுகளில் மைக் செட்டுக்கும் சீரியல் லைட்டுக்கும் விருந்தினர்களுக்குப் போடும் பொன்னாடைக்கும் காசு இருக்கிறது, ஓரமாக ஒரு ஐஸ் பெட்டி வைக்க மட்டும் இல்லை. இதை நீங்கள் எழுதலாம். அடிபட்டால் முதல் நாள் என்ன செய்ய வேண்டும், எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும், எத்தனை மாதம் உட்கார வேண்டும் என்று நம் ஊர் டாக்டர் ஒருவரையும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரையும் கேட்டு அதே பக்கத்தில் போடுங்கள். கிங் படத்தையே கூட மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எழுதக் காரணம், எங்கள் டீமில் இப்போது சைடு பேக் ஆடுகிற பையன். பத்தொன்பது வயசு. இரண்டு வாரமாக முட்டியில் வீக்கம், ஆடாதே என்றால் உங்கள் கட்டுரையைப் போனில் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு "அண்ணே, இவரே ஆடியிருக்காருண்ணே" என்கிறான். அவர் வாரம் முழுக்க ஓடவே மாட்டார்டா, நீ தினமும் காலையில் ஆறு மணிக்கு கிரவுண்டில் நிற்கிறாய் என்றேன். "சரிண்ணே, ஞாயித்துக்கிழமை செமி ஃபைனல் மட்டும்" என்றான்.

வெள்ளிக்கிழமை அவனை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். வருவானா தெரியாது. இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் அதற்கு முன்னால் போடுங்கள், அவன் கண்ணில் படுகிற மாதிரி கொஞ்சம் மேலே.

ஒரு பழைய ஸ்டாப்பர் பேக்,
வில்லாபுரம், மதுரை