கொடியில் எந்தச் சின்னம்?

வான்கூவர்

அன்புள்ள சிவா,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் நலமென்று உன் மைத்துனர் சொன்னார். அவர் சொன்ன மற்றவற்றை நான் நம்பவில்லை. இப்போது எழுதக் காரணம், எங்கள் ரோட்டரி சங்கத்தில் மூண்டிருக்கும் சண்டை.

வெளியூர்ச் சங்கங்களுடன் மாற்றிக்கொள்ளும் சிறு கொடியைப் புதுப்பித்து, இந்தக் கனடா மண்ணின் பூர்வகுடிகளைப் போற்றும் சின்னம் ஒன்றை அதில் சேர்ப்பதென்று கூட்டத்தில் முடிவாயிற்று. கைதட்டல் ஓய்வதற்குள் ஒருவர் கைபேசியில் விலங்கு, பறவை உருவங்களை அடுக்கடுக்காகச் செதுக்கிய டோட்டம் கம்பத்தின் படமொன்றைத் தேடியெடுத்து, "இதையே அச்சடித்துவிடலாம்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. வான்கூவர் நிற்பது மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டூத் மக்களின் நிலம். உயர்ந்த டோட்டம் கம்பங்களோ வடக்கேயுள்ள ஹைடா, சிம்ஷியன் முதலிய மக்களின் மரபு. ஸ்டான்லி பூங்காவில் நீ சாய்ந்து நின்று படமெடுத்துக்கொண்டாயே, அந்தக் கம்பங்களின் வரிசையே வெளியிலிருந்து கொண்டுவந்தவற்றைக் கொண்டு தொடங்கியதுதான். நான் சொன்ன மூன்று குடிகளும் அடங்கிய கோஸ்ட் சேலிஷ் மக்கள் இங்கு செதுக்கியவை வீட்டுத் தூண்கள், வரவேற்பு உருவங்கள், தக்களிகள். வீட்டுக்காரரை வாசலில் நிறுத்திவிட்டு அடுத்த ஊர்க்காரருக்கு மாலை போடுவதா?

தக்களி என்றதும் கீழடியின் சுடுமண் வட்டுகள் உனக்கு நினைவுக்கு வரும். இங்கே அது மரத்தில் செய்த பெரிய வட்டு. மலையாட்டு உரோமத்தைப் பெண்கள் நூலாக முறுக்கும்போது, வட்டில் செதுக்கிய பறவையும் மீனும் பிறை வடிவங்களும் அவர்கள் கண்முன்னே சுழலும். மஸ்குவியம் கலைஞர் சூசன் பாயிண்ட் அதே வடிவத்தைச் சிவப்பு சிடார் மரத்தில், ஏறத்தாழ 5 மீட்டர் அகலத்தில் செதுக்கியிருக்கிறார். 1996 முதல் எங்கள் விமான நிலையத்தில் வந்திறங்குவோரை அதுதான் வரவேற்கிறது. நமது சங்கச் சின்னமும் 24 பற்கள் கொண்ட சக்கரமாயிற்றே, தக்களியை அதற்குள்ளேயே பொருத்திவிடலாம் என்று இன்னொருவர் துள்ளினார். சக்கரத்தின் மேல் எதையும் வரையக்கூடாதென்பது ரோட்டரியின் விதி. இந்த ஒருமுறை அந்த விதியை நான் மனதார வாழ்த்தினேன். இரண்டும் அருகருகே, தத்தம் முழு உருவில் இருப்பதே முறை.

பிறகு கூலிப் பேச்சு வந்தது. சேவைச் சங்கத்துக்கு இலவசமாக வரைந்து தரமாட்டார்களா, பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தால் போதாதா என்று பொருளாளர் கேட்டார். உன் பொன்னாடை அலமாரியை நினைத்துச் சிரிப்பு வந்தது. உடனே கோபமும் வந்தது. 1885 முதல் 1951 வரை பாட்லாட்ச் என்னும் பூர்வகுடிகளின் விருந்து, கொடை விழாவைச் சட்டம் போட்டுத் தடுத்த நாடு இது. 1921இல் விழா நடத்தியவர்களைச் சிறையில் அடைப்போம் என்று மிரட்டிப் பறித்த முகமூடிகள் அருங்காட்சியகங்களையும் தனியார் சேகரிப்புகளையும் நிறைத்தன. அப்படிப் பறித்துப் பழகிய சமூகத்தில் இருந்துகொண்டு, அந்தக் கலையை இன்னும் ஒருமுறை விலையின்றிக் கேட்பதற்கு மரியாதை என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளின் நினைவாக, செப்டம்பர் 30 அன்று ஆரஞ்சுச் சட்டை அணிந்து வரிசையாக நிற்பவர்கள்தாம் இவர்கள். நல்லவர்கள், அதனால்தான் சண்டை போடுகிறேன்.

மஸ்குவியம் கலைஞர் ஒருவரை முறைப்படி அணுகி, அவர் கேட்கும் ஊதியத்தைக் கொடுத்து, காப்புரிமையை அவரிடமே விட்டு, கொடியின் பின்புறம் அவர் பெயரை அச்சிட வேண்டும் என்று அடுத்த கூட்டத்துக்குத் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். பொருளாளர் எதிர்ப்பார். உங்கள் சங்கக் கொடியில் யாளியை வரைந்தவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று உடனே எழுது, அவரிடம் காட்ட வேண்டும். பொன்னாடை என்று மட்டும் எழுதிவிடாதே.

உன்,
ராமு