பொன்னாடை வேண்டாம், வாசலில் மறிக்காமல் விட்டால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் பக்கத்து மண்டபமொன்றில் நடந்த சமூக சேவையாளர் கௌரவிப்பு. மேடை நிறையப் பொன்னாடை. போர்த்தியவர்களையும் போர்த்திக்கொண்டவர்களையும் எனக்கு ஓரளவு தெரியும். நல்ல மனிதர்கள், கேட்டால் காசு தருபவர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதிரை தூக்குகிறவர் ஒருவரும் அந்த மேடையில் இல்லை. அவர்கள் மண்டபத்துக்குப் பின்னால் நின்றார்கள். கூட்டம் கலைந்ததும் கதிரைகளை அடுக்கி லொறியில் ஏற்றியதும் அவர்கள்தான்.

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர். முன்பு புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கு எழுதியவன். அதனால் எந்த விழாவைப் பார்த்தாலும் வரவும் செலவும்தான் கண்ணுக்குத் தெரியும். மண்டப வாடகை, ஒலிபெருக்கி, மாலை, பொன்னாடை, நினைவுச் சின்னம், பிரதம அதிதிக்குத் தனிச் சாப்பாடு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், எங்கள் குடியிருப்பில் சம்பளமில்லாமல் உழைக்கிற அத்தனை பேருக்கும் பல மாதத்துக்குப் பஸ் காசு கொடுத்துவிடலாம்.

இப்போதே இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2026 ஐ ஐக்கிய நாடுகள் சபை தொண்டர்களுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. டிசம்பர் 5 தொண்டர் தினம் என்பது 1985 இலிருந்தே உள்ளது. இரண்டும் சேர்ந்து வருவதால் இந்த வருடக் கடைசியில் கொழும்பில் மண்டபம் கிடைக்காது என்று நினைக்கிறேன். முற்பணம் கட்டுவதற்கு முன்னால் சங்கத்துக்காரர்கள் நான் சொல்வதைக் கொஞ்சம் கேட்கட்டும்.

எங்கள் ஒழுங்கையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிற ஓர் அக்கா இருக்கிறார். விடியுமுன் எழும்பி அவித்து, கடைகளுக்குக் கொடுத்து முடித்துவிட்டு, கிளினிக் நாட்களில் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவார். அவருக்கு நோயில்லை. ஹட்டனிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் இரவு பஸ்ஸில் வந்து இறங்கும் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்குச் சிங்களம் பேசிக் கொடுக்கத்தான் போகிறார். நம்மவர்கள் அங்கே என்ன செய்வார்கள் தெரியுமா? டொக்டர் என்ன கேட்டாலும் ‘ஹரி, ஹரி’ (சரி, சரி) என்று சிங்களத்தில் சொல்லித் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, ‘அவர் என்ன சொன்னாரு?’ என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்கள். ‘கொஹெத ரிதென்னே’ என்று கேட்டால் எங்கே வலிக்கிறது என்று காட்டத் தெரியாமல் விழிப்பவர்களும் உண்டு. இந்த அக்கா கூடவே உள்ளே போவார், கேட்பதை விளக்குவார், நோயாளி சொல்லத் தயங்குவதையும் பக்குவமாகச் சொல்வார். பிறகு மருந்து உறையை வாங்கி, பேனையால் தமிழில் எழுதுவார்: காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு.

1987 இலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அந்தச் சட்டம் கிளினிக் அறைக்குள் ஒழுங்காக வந்து சேரும்வரை இடியப்பக்கார அக்கா போய்க்கொண்டிருக்கிறார். சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யவேண்டிய வேலை இது என்பதையும் இங்கேயே எழுதி வைக்கிறேன். அவர் போகிறார் என்பதைக் காட்டி யாரும் பொறுப்பைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

‘உங்களையும் ஒரு விழாவில் கௌரவிக்கச் சொல்லட்டுமா?’ என்று நான் கேட்டேன். அவர் சிரித்தார். “பொன்னாடைய வச்சி நான் என்ன செய்ய அண்ணே? அந்தக் கேட்ல நிக்கிற தம்பி என்னைய மறிக்காம உள்ள விட்டா போதும்” என்றார். நோயாளியோடு ஒருவர்தான் போகலாம் என்பது வாசலில் உள்ள சட்டம். காவலுக்கு நிற்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு புது ஆளிடமும் தான் யார், ஏன் வருகிறேன் என்று முதலிலிருந்து சொல்லவேண்டும். சில நாள் நம்புவார்கள், சில நாள் தரகர் என்று துரத்திவிடுவார்கள். ஒரு சங்கம் முன்வந்து ஆஸ்பத்திரி நிர்வாகத்தோடு பேசி, படம் ஒட்டி முத்திரை குத்திய ஓர் அடையாள அட்டை வாங்கிக் கொடுத்தால் அவருடைய பெரிய தலையிடி தீரும். அந்த அட்டைக்கு ஆகும் செலவு ஒரு மாலையின் விலைகூட வராது.

அடுத்தது பஸ் காசு. இதைச் சொன்னவுடன் எங்கள் கமிட்டியிலேயே ஒரு பெரியவர், ‘காசு கொடுத்தால் அது சேவையா?’ என்று கோபித்துக்கொண்டார். கூலி வேறு, கைக்காசு போனதைத் திருப்பிக் கொடுப்பது வேறு. இரத்ததானத்தைப் பாருங்கள். 2014 இலிருந்து இலங்கையில் ஏற்றப்படும் இரத்தம் முழுவதும் காசு வாங்காத கொடையாளர்கள் கொடுப்பது. பெரிய பெரிய நாடுகளுக்கே கைகூடாத விஷயம். அங்கேயும் கொடுப்பவரை முதலில் பரிசோதிக்கிறார்கள், படுக்க வைத்து எடுக்கிறார்கள், முடிந்ததும் குடிக்க ஏதாவது கொடுத்துக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அதைக் கூலி என்று ஒருவரும் சொல்வதில்லை. வந்தவரைக் கவனித்து அனுப்பினால்தான் அடுத்த தடவையும் வருவார் என்று அவர்களுக்குத் தெரிகிறது. நம்முடைய சங்கங்களோ, மரண வீட்டில் விடியவிடியக் கண்விழித்துத் தேநீர் ஊற்றிய பையனை அதிகாலையில் வீட்டுக்கு நடக்க விடுகின்றன.

பையன்கள் என்றதும் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது எங்கள் பக்கத்தில் சிலர் சேர்ந்து சமைத்துப் பார்சல் கட்டினார்கள். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதும் வயதுப் பையன் ஒருவன் கணக்கைப் பொறுப்பெடுத்தான். எந்த வீட்டுக்கு எத்தனை பார்சல், யாருக்குச் சீனி வியாதி, எந்தக் குழந்தைக்குப் பால்மா, யார் அரிசி தந்தார், எவ்வளவு மிஞ்சியது, எல்லாம் முதலில் போனில், பிறகு கொப்பியில். கொப்பியை நான் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. புறக்கோட்டையில் என் கீழே வேலை செய்த சிலரைவிட ஒழுங்கு.

பிறகு அவன் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். ‘முன் அனுபவம்?’ என்று கேட்டார்களாம். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். எனக்கு வந்த கோபம்! உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை இன்ன வேலை செய்தார், இவ்வளவு பொருள் இவர் கையால் போனது, கணக்கை நான் சரிபார்த்தேன், சந்தேகமிருந்தால் இந்த இலக்கத்துக்கு அழைக்கலாம். அடுத்து அவன் போன இடத்திலிருந்து எனக்கு அழைப்பும் வந்தது. இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். வேலை கிடைத்ததா என்பது வேறு கதை, ஆனால் இந்தத் தடவை அவன் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ‘சிறந்த சேவைக்கு’ என்று தங்க எழுத்தில் அடித்துக் கொடுக்கும் சான்றிதழில் இந்த விவரம் ஒன்றுமே இருக்காது. அதை வாங்கிப் பார்க்கிற முதலாளிக்கு அது வெறும் கடதாசி.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் வருவதில்லை’ என்ற புலம்பலையும் எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறேன். யார் போய்க் கூப்பிட்டார்கள்? இங்கே கிராமங்களில் சிரமதானம் செய்கிற சர்வோதய இயக்கத்தின் தொடக்கமே, 1958 இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைத் தானே கூட்டிக்கொண்டு ஒரு பின்தங்கிய கிராமத்துக்குப் போனதுதான். நோட்டீஸ் ஒட்டிவிட்டு வீட்டில் இருக்கவில்லை. ‘எல்லோரும் வாருங்கள்’ என்று வட்ஸ்அப்பில் போட்டால் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடும் படம் அனுப்புவார்கள், அவ்வளவுதான். ‘தம்பி, சனிக்கிழமை ஆறு மணிக்குக் கூடாரம் இறக்கணும், நீயும் உன் கூட்டாளியும் வாங்க, எட்டு மணிக்கு விட்டுடுவன்’ என்றால் வருகிறார்கள். சொன்ன நேரத்துக்கு விடவும் வேண்டும். முக்கியமாகப் பெண் பிள்ளைகளை. இருட்டுவதற்கு முன் வீட்டில் கொண்டுபோய் விடுவோம் என்று சொல்லி, ஒரு தடவை தவறினாலும் அடுத்த முறை தாய்மார் அனுப்பமாட்டார்கள். அவர்கள் செய்வது சரி.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். கௌரவிப்பு விழாப் படங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் வாரம் ஒரு முறை ஒரு சிறு பத்தியை ஒதுக்குங்கள். எந்த இடத்தில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த வேலைக்கு ஆள் தேவை, பஸ் காசு யார் தருவார், யாரோடு பேசவேண்டும் என்று மட்டும் இருந்தால் போதும். விளம்பரக் கட்டணம் வேண்டாம். சங்கங்கள் அனுப்பும் விவரம் உண்மையா என்று உங்கள் நிருபர் ஒரு தரம் விசாரித்துவிட்டுப் போடலாம். முதல் வாரத்துக்கு நான் எழுதித் தருகிறேன். எங்களுக்கு இப்போதைக்கு உடனடியாக வேண்டியவர்கள், சிங்களமும் தமிழும் சரளமாகப் பேசக்கூடிய இரண்டு பேர், கிளினிக் நாட்களில் காலை மட்டும். பஸ் காசு சங்கம் தரும். அடையாள அட்டைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
மரண உதவிச் சங்கப் பொருளாளர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு-13.