கடலுக்கு உறவானவர்கள்

தேவனாம்பட்டினம்,
கடலூர்.

அன்புள்ள நண்பா,

நீ அனுப்பிய அத்தியாயங்கள் கிடைத்தன. ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இங்கு அனைவரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டதால் விசைப்படகுகள் ஜூன் 14 வரை துறைமுகத்தில்தான் நிற்கும். ஊர் சற்று ஓய்ந்திருக்கும் இந்நாட்களில் உன் கற்பனைத் தீவின் மாலுமிகளைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அந்த உலகம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. புயலை அடக்கும் சடங்கு மட்டும் மனத்தில் ஒட்டவில்லை. பூசாரி பொற்காசுகளைக் கடலில் எறிந்து மந்திரம் சொல்கிறார். மறுகணமே காற்று அடங்கிவிடுகிறது. கடலை நம்பிப் பிழைப்பவர்கள் கடலோடு இப்படிப் பேரம் பேசி நான் கண்டதில்லை. அவர்கள் அதனோடு உறவு கொண்டாடுகிறார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் தம் ஃபைபர் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், மஞ்சளைக் குழைத்துப் பூசிக் குங்குமம் இட்டு, வேப்பிலைக் கொத்து ஒன்றைக் கட்டிக் கற்பூரம் ஏற்றுவார். பிறகு படகின் மேல் கை வைத்து, "கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வா" என்று மட்டும் சொல்வார்.

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்துக்கு மாசிமகத்தன்று நீ ஒருமுறை வர வேண்டும். திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, மீனவ மக்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே எதிர்கொண்டு அழைக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் உரிமையோடு கேட்கலாம், மனம் நொந்து கோபித்துக்கொள்ளலாம். அதற்காக அடுத்த ஆண்டு அழைக்காமல் இருந்துவிட முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எங்கள் கரையை என்ன பாடு படுத்தியது என்பதை நீ அறிவாய். 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் இதே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. அதன் பின்னும் மாசிமகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் புதுச்சேரியின் வைத்திக்குப்பத்துக்கும் சாமிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆகவே உன் தீவில் அந்தச் சடங்கு ஒருமுறையேனும் தோற்க வேண்டும் என்பது என் விருப்பம். தோற்ற மறுநாள் அவ்வூரார் கடலின் முகத்தில் எப்படி விழிக்கிறார்கள், மறு ஆண்டு யார் முதலில் பூத்தட்டை ஏந்துகிறார்கள் என்பதை நீ எழுதினால், கதையின் உயிர்நாடியே அதுவாக அமையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து மீனவர்களான பரதவர் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வத்தை வழிபடும் காட்சி வருகிறது. தாழை மலர் சூடி, பனங்கள் அருந்தி, பெண்களோடு உண்டு ஆடும் அந்த உவா என்னும் முழுநிலவு நாளில் அவர்கள் கடல்வேட்டைக்குச் செல்வதில்லை. வழிபாட்டின் வலிமை அந்தச் செல்லாமையில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். கடலுக்கு ஒரு நாளை விட்டுக்கொடுக்கும் ஊர், அன்று ஒருவரையும் அதனிடம் இழப்பதில்லை. உன் மாலுமிகளுக்கும் அப்படியொரு நாளை விதித்து, பேராசையால் அதை மீறத் துணியும் ஒரு கப்பல் தலைவனையும் படைத்துப் பார்.

உன் மாலுமிகள் வேண்டுவது அமைதியான வானிலை என்று எழுதியிருக்கிறாய். பாய்மரக் கப்பலுக்குக் காற்றே இல்லாத கடலும் பேரிடர்தான். நடுக்கடலில் அசையாமல் கிடக்கும் கப்பலில் முதலில் தீர்வது குடிநீர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று எங்கள் கரையில் காற்றுக்குக் காற்று தனிப்பெயர் உண்டு. ஒன்று ஓய வேண்டும் என்று கேட்பவர் மற்றொன்று வர வேண்டும் என்றும் சேர்த்துத்தான் கேட்பார். உன் தீவிலும் காற்றுகளை உடன்பிறந்தவர்களாக ஆக்கிவிடு. துறைமுகத்துப் பெண்கள் மூத்தவனைச் சினம் ஆறச் சொல்லி, இளையவளைத் துணைக்கு அனுப்புமாறு வேண்டட்டும். அப்போது ஒரு கப்பலுக்காக நிறுத்தப்பட்ட காற்று வேறொரு கப்பலைப் பட்டினி போடக்கூடும் என்ற சிக்கலும் கதைக்குள் தானாகவே வந்து சேரும். அந்த இரு கப்பல்களும் ஒரே ஊரைச் சேர்ந்தவையாக இருக்கட்டும்.

திருத்தி எழுதியதும் அந்த அத்தியாயத்தை எனக்கு அனுப்பு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் ஆவலோடு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்